ஹெஸ்ஸல் இப்மாவுக்கு அழுக்குப் பண்ணத் தெரியாது

ஹெஸ்ஸல் இப்மாவோடு நான்கு வருஷம் ஒரே அறையில் குப்பை கொட்டியவள் நான். குப்பை கொட்டினேன் என்று சொல்வதுகூடத் தப்பு. அவன் எங்கே கொட்டவிட்டான்? என் மேஜையில் ஒரு ரொட்டித் துணுக்கு விழுந்தால் எனக்கு முன்னால் அவன் கை அங்கே போய்விடும். அதனால் அவனைப் பற்றி என்ன சொல்லவும் எனக்கு உரிமை இருக்கிறது. கோபம் வந்தால் வரட்டும், இப்போது அவன் வேறு ஊரில் இருக்கிறான்.

அவன் பிறந்தது நெதர்லாந்தின் வடக்கே ஃபிரீஸ்லாந்தில், ஃபிரானேக்கர் என்ற சின்ன ஊரில். அப்பா ஜன்னல் துடைப்பவர். அப்பாவுக்குப் பிறகு அண்ணன் சீபிரன் அந்தத் தொழிலை எடுத்துக்கொண்டான். ஊரில் பாதி வீட்டுக் கண்ணாடி அவர்கள் துடைத்ததுதான். அம்மா பௌக்யே சனிக்கிழமை தவறாமல் வீட்டு வாசலையும் அதை ஒட்டிய நடைபாதையையும் பிரஷ் போட்டுத் தேய்ப்பார். மழை பெய்துகொண்டிருந்தாலும் தேய்ப்பார். "மழைதான் கழுவுதே, நீங்க வேற ஏன்?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டதற்கு, "மழைத்தண்ணி சுத்தமான்னு யார் பார்த்தா?" என்றாராம். அந்த வயிற்றில் பிறந்த பிள்ளை எப்படி இருக்கும்?

லெய்டன் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் படிக்க வந்தவன், அப்படியே டாக்டர் பட்ட ஆய்வுக்கும் சேர்ந்தான். நானும் அதே வருஷம் சேர்ந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. காப்பிக் கோப்பையைக் குடித்த பிறகு கழுவுவான், சரி. குடிப்பதற்கு முன்னாலும் கழுவுவான். நேற்று கழுவியவன் மேல் நம்பிக்கை இல்லை, நேற்று கழுவியவனும் அவனேதான். சைக்கிள் சங்கிலியைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துத் துடைப்பான். எங்கள் ஊரில் பிறந்தநாள்காரன்தான் எல்லாருக்கும் கேக் வாங்கி வர வேண்டும். அவன் பிறந்தநாளன்று அளவுகோல் வைத்துக் கேக்கை வெட்டினான். எனக்கு எரிச்சலாக வந்தது. துண்டுகள் என்னவோ ஒரே அளவாகத்தான் இருந்தன.

இப்படிப்பட்டவனுக்குக் கிடைத்த வேலையைச் சொல்கிறேன். ஒரு பக்கம் வெள்ளி, சாதாரண உலோகம். மறுபக்கம் நியோபியம். அதைக் கடுங்குளிரில் வைத்தால் மீகடத்தியாகிவிடும், மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும். இரண்டுக்கும் நடுவே மெல்லிய ஆக்சைடு, ஒரு சுவர் மாதிரி. இந்த மூன்றையும் நகத்தைவிடச் சின்னச் சில்லில் படியவைத்து, உலகத்தில் எங்கும் இல்லாத குளிருக்குக் கொண்டுபோய், அந்தச் சந்திப்பில் எலக்ட்ரான்கள் எப்படிக் கடந்துபோகின்றன என்று அளக்க வேண்டும். மீகடத்திக்குள் எலக்ட்ரான் தனியாகப் போக முடியாது, ஜோடியாகத்தான் போகலாம். வெள்ளியிலிருந்து வரும் ஒற்றை எலக்ட்ரான் வாசலில் ஒரு துணையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகும். துணை போன இடத்தில் ஒரு வெற்றிடம் மிஞ்சும். அந்த வெற்றிடம் எலக்ட்ரான் வந்த வழியே அடி பிசகாமல் திரும்பி நடக்கும். நடுவில் சுவர் வேறு இருப்பதால் முக்கால்வாசி எலக்ட்ரான்கள் முட்டிவிட்டுத் திரும்பிவிடும். ஆகவே மின்னழுத்தம் பூஜ்யத்தை நெருங்கும் இடத்தில் கடத்தும் திறன் குறைய வேண்டும், வரைகோட்டின் நடுவில் ஒரு பள்ளம் விழ வேண்டும். எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். ஹெஸ்ஸல் செய்த சில்லுகளிலும் அப்படித்தான் விழுந்தது. அழகான பள்ளம். ஊர் உலகத்துக்கே தெரிந்த பள்ளம். அதை வைத்துக்கொண்டு பட்டம் வாங்க முடியாது.

மூன்றாம் வருஷக் கடைசியில் ஒருநாள், வெள்ளியை ஆவியாக்கிப் படியவைக்கும்போது காற்றை உறிஞ்சும் பம்பு கெட்டுப்போனது. வெள்ளி கன்னாபின்னாவென்று படிந்தது. உள்ளுக்குள் எல்லாம் மேடும் விரிசலும் குறையும். ஹெஸ்ஸல் அந்தச் சில்லைக் கிடுக்கியால் தூக்கிப் பார்த்த முகத்தை நான் பார்த்தேன். சூப்பில் தலைமுடி கிடந்ததைப் பார்த்தவன் முகம் அது.

அந்த வாரம் குளிரூட்டியை ஓட்டும் முறை எங்களுடையது. எங்கள் பேராசிரியர் வான் வெஸ்ஸம் நல்ல மனுஷர், ஆனால் குளிரூட்டிக்கு ஊற்றும் திரவ ஹீலியம் வீணானால் அவருக்குத் தூக்கம் வராது.

"ஒரு இடம் காலியா இருக்கு, ஹெஸ்ஸல். எதையாவது வை."

"எதுவும் இல்ல, புரொஃபஸர். இது ஒண்ணுதான். இது அழுக்கு."

"அழுக்கோ அழகோ, வை. ஹீலியத்துக்கு வித்தியாசம் தெரியாது."

வைத்தான். மறுநாள் மதியம் ரொட்டியும் சீஸும் தின்றுகொண்டே அளந்தோம். பள்ளம் விழ வேண்டிய இடத்தில் மேடு எழுந்து நின்றது. பூஜ்ய மின்னழுத்தத்தில் கடத்தும் திறன் குறையவில்லை, கூடியிருந்தது. ஹெஸ்ஸல் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கருவியின் இணைப்புக் கம்பிகளைத் துடைக்க ஆரம்பித்தான். அவனுக்கு வேறு என்ன தெரியும்?

இரண்டாவது முறை அளப்பதற்குள் சில்லு செத்தது. அம்மா பின்னிக் கொடுத்த கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு தொட்டான், சட்டையில் இருந்த நிலைமின்சாரத்தால் ஒரு பொறி தெறித்தது, அவ்வளவுதான். கையில் ஒரே ஒரு வரைகோடு மிஞ்சியது.

வான் வெஸ்ஸம் அந்தக் கோட்டைக் கண்ணாடி போட்டும் பார்த்தார், கழற்றியும் பார்த்தார். "பம்பு கெட்டது, சில்லு கெட்டது, அளவும் கெட்டிருக்கு. இன்னொண்ணு செய். சுத்தமா செய். மேடு மறுபடி வந்தா ஆய்வேட்டுக்கு ஒப்புதல் கையெழுத்துப் போடறேன். வரலைன்னா இந்த அத்தியாயம் இல்ல."

அந்த அத்தியாயம் இல்லையென்றால் ஆய்வேடே இல்லை. கோடை முடிந்தால் அவன் வேலை ஒப்பந்தமும் முடியும். ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் சீபிரன் தொலைபேசியில் கூப்பிடுவான். ஒரு முறை ஹெஸ்ஸல் அறையில் இல்லாததால் நானே எடுத்தேன்.

"அவன் கிட்ட சொல்லும்மா. ஏணி ஒண்ணு சும்மா நிக்குது. ஆள் வெச்சா காசு கேக்கறான், தம்பின்னா சோறு போட்டா போதும்."

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் ஹெஸ்ஸலுக்கு உயரம் என்றால் பயம். அதை அவன் வீட்டில் இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

ஆய்வுக்கூடத்து ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பை ஹெஸ்ஸல் செய்தான். வேறு எந்தத் தொழிலில் இருப்பவனும் இப்படிச் செய்யமாட்டான். அதிசயமாக ஒன்று கிடைத்தால் அது எப்படிக் கிடைத்ததோ அதே மாதிரிதானே திரும்பச் செய்து பார்க்க வேண்டும்? எங்கள் கூட்டத்துக்கு அது ஆகாது. அதைவிடச் சுத்தமாகச் செய்து பார்ப்போம். ஹெஸ்ஸலைக் கேட்கவா வேண்டும்? பம்பைப் பழுது பார்த்து, அறையைக் கழுவி, வெள்ளியைக் கழுவி, தன்னையும் கழுவிக்கொண்டு செய்தான். பள்ளம் விழுந்தது. இன்னும் சுத்தமாகச் செய்தான். பள்ளம் இன்னும் ஆழமாக விழுந்தது.

அப்போதுதான் ரிங்கே வாயைத் திறந்தான். ரிங்கே கோட்பாட்டுக்காரன், எதிர் அறையில் இருப்பவன். கரும்பலகையும் சாக்குக்கட்டியும்தான் அவன் கருவிகள். எங்கள் கட்டடத்திலேயே அழுக்கான ஆளும் அவன்தான். அவன் சைக்கிள் சங்கிலி தினமும் கழன்றுவிடும். தினமும் அதைக் கையாலேயே மாட்டிவிட்டு, அந்தக் கையோடு மாடி ஏறி வந்து எல்லார் தோளிலும் தட்டுவான். ஹெஸ்ஸல் அவனைக் கண்டால் சுவரோடு ஒட்டி நடப்பான்.

"உன் அத்தை வீட்டுப் பிறந்தநாள் விழாவை நினைச்சுக்கோ," என்றான் ரிங்கே. "கூடத்துல வட்டமா நாற்காலி. நீ சமையல்கட்டுக் கதவைத் தட்டறே, உள்ள விட மாட்டேங்கறாங்க. கூடம் காலியா இருந்தா என்ன பண்ணுவே? திரும்பி நேரா தெருவுக்குப் போயிடுவே. கூடம் முழுக்க நாற்காலியும் மாமாக்களும் இருந்தா?"

"முட்டிக்குவேன்."

"முட்டிக்கிட்டு மறுபடி கதவுகிட்டயே வந்து நிப்பே. மறுபடி தட்டுவே. மறுபடி முட்டுவே. கடைசியில உள்ள விட்டுடுவாங்க. எலக்ட்ரானும் அதைத்தான் பண்ணுது. வெள்ளியில அழுக்கு இருந்தா அதால ஓடிப்போக முடியாது. ஒவ்வொரு தட்டலும் முந்தின தட்டலோட சேருது, ஏன்னா அந்த வெற்றிடம் வந்த வழியை மறக்காம அப்படியே திரும்பிப் போகுது. உன் மேடு தப்பு இல்லடா. அழுக்குதான் அதுக்குக் காரணம். நீதான் கழுவிக் கழுவி அதைக் கொன்னுட்டு இருக்கே."

 "அப்ப நான் அழுக்கு பண்ணணுமா?" என்றான் ஹெஸ்ஸல். அவன் கேட்ட தொனியில் எனக்கு நிஜமாகவே பாவமாகிவிட்டது. சிரிப்பும் வந்தது, மறைக்கவில்லை.

அழுக்குப் பண்ண அவன் பட்ட பாட்டை நான் கண்ணால் பார்த்தேன். பம்பை ஓடவிட்டு, ஊசிமுனை அளவு காற்றை உள்ளே விட்டான். எவ்வளவு விட்டோம் என்று அளந்து விட்டான். அதிகமாகிவிட்டதோ என்று பயந்து மீண்டும் உறிஞ்சினான். வெள்ளியை அவசரமாகப் படியவைக்க வேண்டும் என்று நான் சொன்னால், அவசரத்துக்கு ஒரு வேகம் கணக்குப் போட்டு அதன்படி நிதானமாக அவசரப்பட்டான். வெளியே வந்த சில்லு பளபளவென்று இருந்தது.

"ஹெஸ்ஸல், இது அழுக்கா?"

"கொஞ்சம் மங்கலா இல்ல?"

"இதுல முகம் பார்த்துத் தலை சீவலாம்."

பள்ளம்தான் விழுந்தது. நான் தலையில் அடித்துக்கொண்டேன். கடைசியில் வேறு வழியில்லாமல் ரிங்கேயைக் கூப்பிட்டோம். கோட்பாட்டுக்காரனைக் கருவி இருக்கும் அறைக்குள் விடுவது எங்கள் துறையில் நடக்காத காரியம். தொட்டதெல்லாம் உடையும் என்று பேர். ஆனால் எங்களுக்கு வேண்டியது அதுதானே? ரிங்கே வெள்ளித் துண்டுகளைக் கையால் அள்ளிக் கிண்ணத்தில் போட்டான், பம்பு முழுதாக உறிஞ்சுவதற்குள் சூடேற்றினான், நடுவில் விசில் அடித்தான். ஹெஸ்ஸல் கதவுக்கு வெளியே நின்றான். உள்ளே நின்று பார்க்க அவனால் முடியவில்லை.

அந்தச் சில்லு அழுக்கில் ராஜா. மின்தடை எக்கச்சக்கம். குளிரூட்டியில் வைத்தோம். மேடு இல்லை. பள்ளமும் இல்லை. தட்டையாகக் கிடந்தது கோடு.

வான் வெஸ்ஸம் எட்டிப் பார்த்தார். "நான் அப்பவே சொன்னேன்," என்றார்.  ரிங்கேயின் மூக்கும் உடைந்தது, ஹெஸ்ஸலின் நம்பிக்கையும் உடைந்தது. அன்று சாயங்காலம் ஹெஸ்ஸல் ஃபிரானேக்கருக்குத் தொலைபேசியில் பேசினான். "செப்டம்பர்ல வரேன்," என்று சொன்னது என் காதில் விழுந்தது. ஏணியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டான். எத்தனை மாடி உயரம் என்று.

அடுத்த வாரம் ரிங்கேக்குப் பிறந்தநாள். ஆப்பிள் கேக் வாங்கி வந்தான். வழியில் சங்கிலி கழன்றிருக்கிறது. வந்ததும் கையைக் கழுவாமலே கேக்கை வெட்டி எல்லாருக்கும் கொடுத்தான். என் துண்டின் ஓரத்தில் கட்டைவிரல் ரேகை கருப்பாகப் பதிந்திருந்தது. நான் அந்த ஓரத்தைக் கிள்ளிப் போட்டுவிட்டுத் தின்றேன். காப்பி வேளையில் கேக்கை வேண்டாம் என்று சொல்வது எங்கள் ஊரில் சண்டைக்கு இழுப்பது மாதிரி. ஹெஸ்ஸல் மட்டும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். ஊரே வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருக்கும்போது தட்டோடு எழுந்து போய்விட்டான்.

"கோவமா அவனுக்கு?" என்று கேட்டான் ரிங்கே.

"உன் விரலைப் பார்த்துக் குமட்டியிருக்கும்," என்றேன்.

போய்ப் பார்த்தால், கேக்கை மேஜையில் வைத்து, கருப்பு ரேகையைச் சுரண்டிக் காகிதத்தில் கொட்டி, காகிதத்துக்கு அடியில் காந்தத்தை நகர்த்திக்கொண்டிருந்தான். கருப்புத் தூள் காந்தம் போன பக்கமெல்லாம் ஊர்ந்தது. வெண்ணெயும் கொஞ்சம் கூடவே இழுபட்டது.

"இரும்பு," என்றான். "சங்கிலித் தேய்மானம். இவன் இந்தக் கையாலதானே வெள்ளியை அள்ளிப் போட்டான்."

ரிங்கே வாயைப் பிளந்துகொண்டு நின்றான். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டான், நெற்றியிலும் ஒரு கருப்பு. "அடச்சே. இரும்பு ஒவ்வொண்ணும் ஒரு குட்டிக் காந்தம். எலக்ட்ரான் அதுல மோதினா வந்த வழி மறந்துடும். ஞாபகம் போனா தட்டலெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேராது. இது எனக்குத் தெரியாதா? நானே கணக்குப் போட்டிருக்கேனே."

"உன் கணக்குல உன் சைக்கிள் இல்ல," என்றேன்.

ஆக, எங்களுக்கு வேண்டியது அழுக்கு, ஆனால் சுத்தமான அழுக்கு. இதைக் கேட்டதும் ஹெஸ்ஸல் முகத்தில் மூன்று மாதத்தில் முதல் தடவையாக ரத்தம் ஓடியது. அவனுக்குப் புரிகிற மாதிரி ஒரு வேலை கிடைத்துவிட்டது. ரிங்கேயைக் கழுவ வேண்டும்.

அந்த வாரம் முழுக்க ரிங்கே சைக்கிளைத் தொடக்கூடாது என்று உத்தரவு. எங்கள் ஊரில் ஒருவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. மழையில் குடை பிடித்துக்கொண்டு கால்வாய் ஓரமாக நடந்தே வந்தான். வழியில் பார்த்தவர்களெல்லாம் சைக்கிள் திருட்டுப் போய்விட்டதா என்று துக்கம் விசாரித்தார்கள். ஆய்வுக்கூடத்தில் ஹெஸ்ஸல் அவன் கைகளைப் பிடித்து நகக்கண் வரைக்கும் தேய்த்தான்.

"தோல் போகுதுடா."

"தோல்ல இரும்பு இல்ல, போகட்டும்."

"உங்கம்மா நடைபாதையை இப்படித்தான் தேய்ப்பாங்களா?"

"அது கல். கல் உன்னை மாதிரி முனகாது."

கழுவி முடித்த ரிங்கே உள்ளே போய், முன்பு போலவே விசில் அடித்துக்கொண்டு கன்னாபின்னாவென்று வெள்ளியைப் படியவைத்தான். இந்தத் தடவை ஹெஸ்ஸல் உள்ளேயே நின்றான். கண்ணை மூடிக்கொண்டுதான், ஆனாலும் நின்றான். கம்பளிச் சட்டையை நான் கழற்றச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன்.

மேடு வந்தது. வான் வெஸ்ஸமைக் கூப்பிட்டோம். அவர் வாயைத் திறப்பதற்குள் ஹெஸ்ஸல் துளியூண்டு காந்தப்புலத்தைக் கொடுத்தான். மேடு கரைந்தது. புலத்தை எடுத்தான், மேடு எழுந்தது. கொடுத்தான், கரைந்தது. அளவு கெட்டுப்போய் வருகிற மேடு இப்படிச் சொன்னபடி கேட்காது. வான் வெஸ்ஸம் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "இன்னொரு தடவை," என்றார். பிறகு இன்னொரு தடவை. குளிரூட்டியில் ஹீலியம் தீருகிறதே என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை. கையெழுத்துக் கிடைத்தது.

பட்டம் கிடைத்துவிடும், சரி. வேலை? அந்த வருஷம் எங்கள் துறையில் காலியாக இருந்தது ஒரே ஓர் இடம், பேராசிரியர் டீடமனிடம். வேறு ஊர், பெரிய ஆய்வுக்கூடம். டீடமன் என்றால் சுத்தம். உலகத்திலேயே மாசு குறைந்த உலோகப் படலம் செய்பவர் என்று பேரெடுத்தவர். ஹெஸ்ஸல் அதற்கு விண்ணப்பித்திருந்தான். அவருக்கேற்ற ஆள் இவனைவிட யார்? ஆனால் ஆய்வேடு முழுக்க அழுக்கின் மகிமை. அதைவிடக் கொடுமை, பட்ட விவாதத்தில் கேள்வி கேட்டு மடக்கும் எதிராளியாக வந்து உட்கார்ந்தவரும் அவரே.

எங்கள் வழக்கப்படி பட்டம் வாங்குபவன் ஊர் முன்னால் முக்கால் மணி நேரம் பேராசிரியர்களின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் இரண்டு நண்பர்கள் வால் வைத்த கருப்புக் கோட்டில் துணைக்கு நிற்பார்கள். நானும் ரிங்கேயும் நின்றோம். முன்வரிசையில் அம்மா பௌக்யேயும் சீபிரனும். உள்ளே நுழைந்ததும் பௌக்யே அண்ணாந்து மண்டபத்தின் ஜன்னல்களைப் பார்த்தார். அவர் முகம் சுருங்கியதைக் கண்டேன்.

டீடமன் ஒல்லி, வெள்ளைவெளேரென்ற கழுத்துப்பட்டி. மற்றவர்கள் கேட்டு முடித்த பிறகு கடைசியாகத்தான் எழுந்தார்.

"மதிப்புக்குரிய வேட்பாளரே. பம்பு கெட்டதால ஒரு சில்லு அழுக்காச்சு, அதுல மேடு வந்துதுன்னு எழுதியிருக்கீங்க. அதுக்கு முந்தி மூணு வருஷம் வேலை பார்த்திருக்கீங்க. அந்த மூணு வருஷத்துல வேற ஒரு சில்லுகூட அழுக்கா வரலையா?"

 வந்தன. வராமல் இருக்குமா? கை தவறியது, தூசு விழுந்தது, கரண்ட் போனது. இல்லை என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் போதும். யாருக்குத் தெரியப்போகிறது?

"மிகக் கற்றறிந்த எதிராளியே," என்றான் ஹெஸ்ஸல். அப்படித்தான் விளிக்க வேண்டும். "வந்துது. நிறைய வந்துது."

"அதையெல்லாம் அளந்தீங்களா?"

"இல்ல. கண்ணால பார்த்தேன், குப்பைக்கூடையில போட்டேன்."

"எத்தனை?"

"எண்ணலை. எண்ண வேண்டிய பொருளாவே அது எனக்குத் தோணலை."

அந்த நேரம் பார்த்துப் பின்கதவு திறந்தது. விவாதத்துக்கு நேரம் பார்க்கும் பல்கலைக்கழகக் கோல்காரர் மணி கட்டிய கோலைத் தரையில் தட்டி, நேரமாகிவிட்டது என்று லத்தீனில் அறிவித்தார். அதன் பிறகு ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டுத் தப்பித்தவர்கள் எத்தனையோ பேர். நான் மனசுக்குள் கோல்காரருக்கு முத்தம் கொடுத்தேன். இந்த மடையன் என்ன செய்தான் தெரியுமா? வாக்கியத்தை முடிக்க அனுமதி கேட்டான்.

"நான் தேடினது அந்தக் கூடையில இருந்திருக்கு. நானே போட்டேன். மூணு வருஷம், நானே." சொல்லும்போது அவன் குரல் உடைந்தது.

 டீடமன் உட்கார்ந்தார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. போச்சு, ஏணிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

பட்டம் கொடுத்தார்கள். அதில் தகராறு இல்லை. பிறகு விருந்தறையில் ஷெர்ரியும் சுடச்சுடப் பொரித்த இறைச்சி உருண்டைகளும். எங்கள் வழக்கப்படி எல்லாரும் எல்லாருக்கும் வாழ்த்துச் சொன்னார்கள். பட்டம் வாங்கியவனுக்கு, அவன் அம்மாவுக்கு, அண்ணனுக்கு, எனக்கு, ரிங்கேக்கு.

"ஏம்மா ஃபென்னா," என்று பௌக்யே என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு ஒண்ணும் புரியலை. ஆனா அந்த அழுக்குன்ற வார்த்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டுது. இதுக்கா நாலு வருஷம்? வீட்டுல இருந்திருந்தா சீபிரன் ஜன்னல் துடைச்ச தண்ணியிலயே ஒரு வாரத்துல சேர்த்துக் குடுத்திருப்பானே."

டீடமன் வரிசையில் வந்தார். பௌக்யேக்கு வாழ்த்து, சீபிரனுக்கு வாழ்த்து, எனக்கு வாழ்த்து. ரிங்கேயின் கையைக் குலுக்கியவர் தன் உள்ளங்கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். அன்றைக்கும் சைக்கிளில்தான் வந்திருந்தான் அவன். பிறகு ஹெஸ்ஸலின் எதிரில் வந்து நின்றார்.

"டாக்டர் இப்மா. அந்தக் குப்பைக்கூடை." ஷெர்ரியில் ஒரு வாய் குடித்தார். "என் லேப்லயும் ஒண்ணு இருக்கு. முப்பது வருஷமா தினமும் ரொம்புது. புதுசா வர்ற பசங்களுக்கு நான் சொல்லிக்குடுக்கற முதல் பாடமே அதுதான். பார்த்தவுடனே தூக்கி எறின்னு."

 ஹெஸ்ஸல் கையில் இருந்த இறைச்சி உருண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அக்டோபர்ல என்கிட்ட வர்றீங்களா?" என்றார் டீடமன்.

சரி என்று சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே. "புரொஃபஸர், ஒரு விஷயம்," என்று ஆரம்பித்தான். "அந்த அழுக்கைப் பண்ணினது நான் இல்ல. ரிங்கே. எனக்குக் கழுவ மட்டும்தான் தெரியும்."

நான் என் குதிகாலை அவன் பாதத்தின் மேல் வைத்து முழு பலத்தோடு அழுத்தினேன்.

"அழுக்கு பண்ண எனக்கு ஆள் வேண்டாம்," என்றார் டீடமன். "அது தானா வரும். வந்ததை எறியறதுக்கு முந்தி ஒரு தடவை அளந்து பார்க்க ஆள் வேணும். எனக்கு அறுபத்திரண்டு வயசு. எனக்கே அது இன்னிக்குத்தான் உறைச்சுது."

ஹெஸ்ஸலின் கண்கள் கலங்கின. என் குதிகாலாலா, அவர் சொன்னதாலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, நானும் காலை எடுக்கவில்லை. "வரேன், புரொஃபஸர்," என்றான்.